ஓல்டாம் என்றொரு ஊர்

நான் வேலைக்குச் சேர்ந்த நூற்பு மில்லில், ஸ்பின்னிங் பகுதியின் ஒரு மூலையில் நாலைந்து பழைய ரிங் பிரேம்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் தலைப்பக்கத்து வார்ப்பிரும்பில் ‘பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம், இங்கிலாந்து’ என்று எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும். ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் அந்த எழுத்துகளின் மேல்தான் வைப்போம். வருஷா வருஷம் பொட்டு வைத்தோமே தவிர, அந்த ஓல்டாம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடகிழக்கே, சுமார் 11 கிலோமீட்டர் தூரத்தில், குன்றின் மேல் இருக்கும் ஊர் அது. பஞ்சு அங்கே ஒரு செடிகூட விளையாது. ஆனால் மண்ணுக்கு அடியில் நிலக்கரி இருந்தது. எப்போதும் தூறலும் ஈரக்காற்றும். காற்றில் ஈரம் இருந்தால் நூல் அவ்வளவாக அறுபடாது என்பது மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் ஹியூமிடிபையர் வைத்துச் செய்ததை அங்கே வானமே செய்து கொடுத்தது. அங்கே முதல் மில் வந்தது 1778-ல். அதற்கு முன் தொப்பி செய்வதும் வீட்டில் கம்பளி நெய்வதும்தான் பிழைப்பு.

1911-ல் அந்த ஊரில் இருந்த கதிர்கள், அதாவது ஸ்பிண்டில்கள், 1 கோடியே 64 லட்சம். அப்போது உலகம் முழுவதிலும் இருந்தவை சுமார் 14 கோடியே 35 லட்சம். ஒன்றரை லட்சம் ஜனத்தொகைகூட இல்லாத ஒரே ஊரில் உலகத்துக் கதிர்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! ஓல்டாம் நூற்றது, பிளாக்பர்ன், பர்ன்லி போன்ற ஊர்கள் நெய்தன. அந்தத் துணிதான் கப்பலேறி நம் கடைத்தெருவுக்கு வந்தது. 1913-ல் இங்கிலாந்து ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கெஜம். அதில் 300 கோடி கெஜத்துக்கு மேல் இந்தியாவுக்கு.

நம் கைத்தறிக்காரர் வயிற்றில் அடித்தது லங்காஷயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த முனையில் மில்லுக்குள் நின்றவர்கள் யார் என்று எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

அங்கே பெரும்பாலும் ஓடியது நாம் பார்த்த ரிங் பிரேம் இல்லை, ‘மியூல்’ என்ற இயந்திரம். பக்கத்து ஊரான போல்டனைச் சேர்ந்த சாமுவேல் கிராம்ப்டன் 1779-ல் செய்தது. இரண்டு பழைய இயந்திரங்களின் கலப்பு என்பதால் கோவேறு கழுதை என்று பெயர். நூற்றுக்கணக்கான கதிர்களைச் சுமந்த நீளமான வண்டி ஒன்று சுமார் ஐந்தடி முன்னால் வந்து நூலை முறுக்கும், பின்னால் போய்ச் சுற்றும். அதோடு கூடவே ஆட்களும் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். எண்ணெய் ஊறிய பலகைத் தரை வழுக்கும் என்பதால் வெறுங்கால். பிசிறு கோக்கும் பையன்களுக்குத் தலைமை நூற்பாளரே தன் சம்பளத்திலிருந்து கூலி கொடுப்பார்.

கார்டிங் பகுதியில் பஞ்சுத்தூசி நுரையீரலில் படியும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் நெஞ்சடைப்பு. இது நம் ஊர் கார்டிங் ஆட்களுக்கும் தெரிந்த கதைதான். மியூல் கதிர்களின் எண்ணெய் உடையில் ஊறி, நூற்பாளர்களுக்குப் புற்றுநோயே வந்தது.

அரை நாள் பள்ளி, அரை நாள் மில் என்று குழந்தைகள் வளர்ந்தார்கள். ஓல்டாமை ஒட்டிய ஸ்பிரிங்ஹெட்டில் பிறந்த ஆனி கென்னி அப்படி மில்லுக்குப் போனபோது வயது பத்து. இயந்திரத்தில் ஒரு விரலைப் பறிகொடுத்தார். பின்னாளில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு, 1905-ல் மான்செஸ்டர் கூட்டமொன்றில் கேள்வி எழுப்பிச் சிறைக்குப் போனார். இன்று ஓல்டாமில் அவருக்குச் சிலை இருக்கிறது.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு பஞ்சு வரத்து நின்றது. மில்கள் மூடி, ஜனங்கள் கஞ்சித்தொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். பதிலுக்கு வந்த நம் சூரத் பஞ்சு குட்டை இழை, அறுந்துகொண்டே இருக்கும். கடவுளிடம் பஞ்சு கேட்கும்போதுகூட ‘சூரத் வேண்டாம்’ என்று சேர்த்துக் கேட்டார்களாம். அதே சமயம் நம் திருநெல்வேலிக் கரிசல் பஞ்சு தூத்துக்குடியில் கப்பலேறி நல்ல விலைக்குப் போனது. 1865-ல் போர் முடிந்ததும் இங்கே விலை சரிந்தது. அங்கே மூச்சு வந்தது.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இனிமேல்தான். மில் என்றால் முதலாளி ஒருவர் இருப்பார் என்றுதான் நமக்குத் தெரியும். ஓல்டாமில் 1858-ல் கூட்டுறவு இயக்கத்துத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதுதான் சன் மில். பிறகு 1870-களில் அதைப் பார்த்து வரிசையாக லிமிடெட் கம்பெனிகள் கிளம்பின. நூற்பாளர், கடைக்காரர், மேஸ்திரி எல்லாரும் பங்கு வாங்கினார்கள். பங்கு வாங்க முடியாதவர்கள் சேமிப்பை மில்லிலேயே வட்டிக்குப் போட்டார்கள். அவர்களுக்கு மில்தான் பாங்க். ஓய்வுக்காலப் பணம், மகள் கல்யாணப் பணம் எல்லாம் அந்தப் புகைபோக்கிக்குக் கீழேதான்.

முதல் உலகப் போர் முடிந்ததும் துணிக்குக் கிராக்கி. 1919, 1920-ல் வெளி ஆட்கள் குழுக்களாக வந்து, மில்களை அதிக விலைக்கு வாங்கி, புதுக் கம்பெனிகளாக்கி, பங்குகளை மறுபடி ஜனங்களிடமே விற்றார்கள். பங்கின் முழு விலையையும் அப்போதே கட்ட வேண்டாம். ஒரு பகுதி கட்டினால் போதும், மீதியைக் கம்பெனி கேட்கும்போது கட்டலாம். விலை ஏறுகிறது என்று எல்லாரும் வாங்கினார்கள். 1921-ல் வியாபாரம் படுத்தது. கம்பெனிகள் ‘மீதிப் பணம் கொண்டு வா’ என்று கேட்க ஆரம்பித்தன. வேலை போன அதே ஆளுக்குப் பங்குப் பாக்கிக்கு நோட்டீசும் வந்தது. வட்டிக்குப் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

வியாபாரம் ஏன் படுத்தது? சுதேசி, கதர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அது ஒரு பங்குதான். பம்பாய், அகமதாபாத் மில்களும் ஜப்பான் மில்களும் மலிவாக நெய்தன. அவை எதைக்கொண்டு நூற்றன? பெருமளவு அதே ஓல்டாம் இயந்திரங்களைக்கொண்டு! உலகத்திலேயே பெரிய ஜவுளி இயந்திரக் கம்பெனியாக இருந்தது அந்த ஊர் பிளாட் பிரதர்ஸ்தான். உள்ளூர் மில்கள் மியூலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, பிளாட் செய்த ரிங் பிரேம்கள் கடல் கடந்து போயின. 1929-ல் நிலைமை தலைகீழாக மாறியது. ஜப்பானின் டொயோடா தானியங்கித் தறியைச் செய்யும் உரிமைக்காக 1 லட்சம் பவுண்டுக்கு பிளாட் ஒப்பந்தம் போட்டது. அதே டொயோடா குடும்பம்தான் பிறகு கார் செய்தது.

அப்புறம் நடந்தது நம்மில் பலர் நேரில் கண்ட மாதிரிதான். அரசாங்கம் 1959-ல் சட்டம் போட்டு, இயந்திரங்களை உடைத்துப் போட ஈட்டுத்தொகை கொடுத்தது. மிஞ்சிய மில்களின் இராத்திரி ஷிப்டுக்கு பாகிஸ்தானிலிருந்தும் இன்றைய வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கடைசி நூல் 1998-ல் எல்க் மில்லில். மறு வருஷம் அதை இடித்தார்கள். இப்போது அங்கே கடைகள்.

எங்கள் மில்லும் ஒரு நாள் மூடியது. அந்த ரிங் பிரேம்களைப் பழைய இரும்புக்கு எடை போட்டு லாரியில் ஏற்றியபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வர வேண்டிய பாக்கியைப் பற்றித்தான் அப்போது நினைப்பு. ஓல்டாமில் மில் வாசலில் நின்ற ஒருவனும் அதையேதான் நினைத்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. நம் நெசவாளரைக் கெடுத்த பாவத்தில் அவனுக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் கணக்குப் போட முடியவில்லை. லாபம் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேறு ஆட்கள்.