நீர்த்தேக்கம் விடும் மூச்சு

சாமல்பட்டியை அடுத்த போச்சம்பள்ளி வட்டாரத்தில் பாரூர் ஏரி இருக்கிறது. கிருஷ்ணகிரி அணையைக் கடந்து வரும் தென்பெண்ணை நீர் கால்வாய் வழியே இதனை வந்தடைகிறது. காற்றில்லாத நண்பகலில் கரையில் நின்று நோக்கினால், நீர் உறங்குவது போலத் தோன்றும். ஆனால் எந்த ஏரியும் முழுதாக உறங்குவதில்லை. இந்த உண்மையை மனிதன் அறிந்து கொண்ட வரலாறு சுவையானது.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஃபொரெல், 1869-ஆம் ஆண்டு முதல் ஜெனிவா ஏரியின் நீர்மட்டத்தை ஆராய்ந்தார். தொட்டி நீர் இருபுறமும் ஆடுவது போல, ஏரி முழுவதும் ஏறக்குறைய 73 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசலாடுவதை அவர் விளக்கினார். ஏரியியல் என்னும் தனித் துறைக்கு வித்திட்டவர் இவரே. அமெரிக்காவின் மெண்டோட்டா ஏரியை ஆராய்ந்த பர்ஜ், கோடையில் மேலே வெந்நீரும் கீழே தண்ணீருமாக இரு அடுக்குகள் அமைவதையும், இடையே வெப்பம் சட்டென வீழும் ஒரு படலம் இருப்பதையும் கண்டார். 1897-இல் அப்படலத்துக்குப் பெயரும் சூட்டினார். அவரும் ஜூடேயும் 1911-இல் வெளியிட்ட நூல், அடுக்குப் பிரிந்த ஏரியின் அடிநீரில் பிராணவாயு குறைவதைத் தெளிவாக்கியது. மேலடுக்கு காற்றிலிருந்தும் பாசியிலிருந்தும் பிராணவாயுவைப் பெறுகிறது. அடியில் மக்கும் பொருள்கள் இருப்பதையும் தின்று தீர்க்கின்றன.

இவையெல்லாம் குளிர்நாட்டு ஏரிகள். இலையுதிர் காலத்துக் குளிர் அவற்றைக் கலக்கி விடுகிறது. நம் நாட்டில் என்ன நடக்கும்? வெந்நீரில் ஒரு சிறு வெப்ப வேறுபாடே போதும். 25 பாகையிலிருந்து 26 பாகைக்கு ஏறும்போது நீரின் அடர்த்தி குறையும் அளவு, 5 பாகையிலிருந்து 6 பாகைக்கு ஏறும்போது குறைவதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. ஆகவே இங்கும் அடுக்குகள் உருவாகலாம். ஆனால் குளிர்ந்த இரவும், காற்றும், மழை வெள்ளமும், அடிமதகைத் திறப்பதும் அவற்றைக் கலைத்து விடக்கூடும்.

தமிழ்நாட்டில் இதை அளந்து பார்த்தோரும் உண்டு. மேட்டூரில் ஆற்றுப் படுகையின் பாறைக் குட்டைகளில் பகலிரவாக வாயுக்கள் மாறும் விதத்தை எஸ். வி. கணபதி ஆராய்ந்து 1955-இல் வெளியிட்டார். பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் நீரியலை 1956 முதல் 1961 வரை அ. சீனிவாசன் ஆராய்ந்தார், பின்னர் அமராவதி, மேட்டூர் நீர்த்தேக்கங்களையும் எடுத்துக் கொண்டார். அணை என்பது வெறும் தொட்டியன்று, உயிர்கள் வாழும் இடம் என்னும் எண்ணம் இவ்வாறு இங்கும் வேரூன்றியது.

இன்று இவ்வறிவு நமக்கு ஏன் தேவை? கிருஷ்ணகிரி அணை 1950-களில் கட்டப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 52 அடி. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து வரும் கழிவுநீர் தென்பெண்ணையில் கலக்கிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை பொங்குவதைச் செய்தித்தாள்களில் பலமுறை கண்டிருப்போம். சோப்புப் பொருள் கலந்த நீர் மதகில் விழுந்து காற்றோடு கலக்கும்போது எழும் நுரை அது. நீர் அசைந்தால் தூய்மையாகிவிடும் என்பது எப்போதும் உண்மையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கழிவுநீர் கொண்டுவரும் பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிக்கு உரமாகின்றன. பாசி மடிந்து அடியில் மக்கும்போது பிராணவாயு தீர்ந்து போகிறது. அந்நிலையில் சேறு தான் சேர்த்து வைத்த பாஸ்பரசையும் அம்மோனியாவையும் நீரில் விடுகிறது. ஒருநாள் பலத்த காற்றோ மழையோ நீரைக் கலக்கினால் அடிநீர் மேலே வருகிறது. மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து திணறுவது அப்போதுதான். தூய ஏரிக்குக் கலப்பு மருந்து; அடியில் அழுக்கேறிய ஏரிக்கு அதுவே ஆபத்து.

ஆகவே நண்பகலில் மேற்பரப்பில் ஒரு புட்டி நீர் மொண்டு, "நீர் நன்று" என்று கூறிவிடலாகாது. அப்போது பாசி பிராணவாயுவைப் பெருக்கிக் காட்டும். விடியலுக்குச் சற்று முன், அடிவரை புட்டியை இறக்கி எடுக்கும் நீரே உண்மையைச் சொல்லும்.