சிறார் இருதயத்தைத் தாக்கும் அழற்சிக் காய்ச்சல்கள்

பிறக்கும்போது குறையில்லாதிருந்த இருதயம் பின்னர் வந்த நோயால் பழுதடைவதைப் பெறப்பட்ட இருதய நோய் என்பர். சிறாரில் இதற்கு முதன்மைக் காரணங்கள் வாதக் காய்ச்சலும் கவாசாக்கி நோயும். யப்பானிலும் அமெரிக்காவிலும் கவாசாக்கியே முன்நிற்கிறது. இலங்கை உள்ளிட்ட தெற்காசியாவில் நெடுங்காலமாகப் பிள்ளைகளின் இருதய வால்வுகளைக் கெடுத்துவந்தது வாதக் காய்ச்சல்.

அது தொண்டையில் தொடங்குகிறது. ஏ வகை ஸ்ட்ரெப்டொகொக்கஸ் பக்டீரியாவால் வந்த தொண்டை நோ மாறி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு, கிருமியை எதிர்க்க எழுந்த நோயெதிர்ப்புச் சக்தி உடலின் சொந்த இழையங்கள்மீதே திரும்பிவிடுகிறது. 5 முதல் 15 வயது வரையானோரே பெரும்பாலும் ஆளாகின்றனர். இன்று முழங்கால் வீங்கி நோகும். அது தணிய, கணுக்கால் வீங்கும். சிலருக்குக் கைகால் தம்வசமின்றித் துடிக்கும். கொப்பியில் எழுத்துக் கோணத் தொடங்குவதை ஆசிரியரே முதலில் காண்பதும் உண்டு. மூட்டுகள் தடமின்றி ஆறிவிடுகின்றன. வால்வுகள், குறிப்பாக மைட்ரல் வால்வு, பல பிள்ளைகளில் அப்படி ஆறுவதில்லை. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் தழும்பும் தடித்துக்கொண்டே போகும்.

அதைத் தடுப்பது 3 அல்லது 4 கிழமைக்கொருமுறை தசையில் போடும் பென்சதீன் பெனிசிலின் ஊசி. நோகும் ஊசி, ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டியது. அரச வைத்தியசாலையில் அது இலவசம். ஆயினும் திருகோணமலை மாவட்டத்தின் இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று போன்ற கரையோர ஊர்களின் குடும்பங்களுக்கு ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒரு நாள் உழைப்பை விழுங்கக்கூடியது. தவணை தவறும் பிள்ளையைக் குறைசொல்வதைவிட, ஊசியை ஊருக்கருகே கொண்டுவருவதே முறை. வால்வு பழுதாகிவிட்டால் பயணம் இன்னும் நீளும்: கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை திருகோணமலையிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர்.

கவாசாக்கி நோய் பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டோரைப் பிடிக்கிறது. யப்பானிய வைத்தியர் தொமிசாக்கு கவாசாக்கி 1967இல் 50 பிள்ளைகளின் நோய்க்குறிகளை விவரித்து எழுதினார். மூலகாரணம் இன்னும் தெளிவாகவில்லை. உறுதிப்படுத்தத் தனி இரத்தப் பரிசோதனையும் கிடையாது. ஐந்து நாள் விடாத காய்ச்சல், பீளையின்றிச் சிவந்த கண்கள், வெடித்த உதடு, செந்நிற நாக்கு, தோலில் செம்மை, வீங்கிய கைகால் ஆகியவற்றைப் பார்த்தே அறியவேண்டும். பிறந்தவுடன் பீ.சீ.ஜீ. தடுப்பூசி போடும் இலங்கையில் இன்னொரு தடயமும் உண்டு: இடது மேற்கையிலுள்ள அந்தப் பழைய வடு திடீரெனச் சிவந்து தடிக்கலாம்.

சிகிச்சையின்றி விட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு இருதயத்துக்கு இரத்தமூட்டும் முடியுரு நாடி புடைக்கிறது. காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபியூலின் ஏற்றினால் அது 100இல் நான்கைந்து பேராகக் குறைகிறது. கோவிட் தொற்றின் பின் வரும், 2020இல் அறியப்பட்ட பல்லுறுப்பு அழற்சியும் கவாசாக்கியை ஒத்த குறிகளைக் காட்டும். கவாசாக்கியில், விரல்நுனித் தோல் உரிந்து பிள்ளை விளையாடத் தொடங்கிய பிறகும் 6 முதல் 8 கிழமைக்குள் எக்கோ பரிசோதனை மறுபடி செய்யப்படுகிறது. புடைப்பு அப்போதும் வெளியே தெரியாமல் இருக்கக்கூடும்.