வினாத்தாளும் விடைத்தாளும்

கணக்குப் பரீட்சை முடிந்து வெளிவரும் மாணாக்கர் கூட்டத்தை நேயர்கள் எவ்வூரிலும் காணலாம். டில்லியாகட்டும், நாகபுரியாகட்டும், ஜாம்ஷெட்பூராகட்டும், பள்ளி வாயிலைத் தாண்டுமுன்பே நாலைந்து பேர் வினாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். “மூன்றாம் கணக்குக்கு உனக்கு என்ன வந்தது?” என்பதே முதற் கேள்வி. ஒருவனுக்குப் பதினெட்டு வந்திருக்கும், மற்றொருவனுக்கு முப்பத்தாறு. இருவர் முகமும் வாடும். மூன்றாமவன் வந்து பதினெட்டு என்றால் ஒரு முகம் மட்டும் தெளியும். மொழிப் பாடத்திலோ வரலாற்றுப் பாடத்திலோ இது அவ்வளவாக நிகழ்வதில்லை. கட்டுரையைக் கட்டுரையோடு வைத்துப் பார்த்து யாது பயன்? எண்ணை எண்ணோடு வைத்துப் பார்க்கலாம்.

இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று பெற்றோர் கடிந்துகொள்வதுண்டு. ஆயினும் இப்பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வினாத்தாள் மாணவன் கையில் தங்குகிறது; விடைத்தாள் அவனைவிட்டுப் போய்விடுகிறது. அவ்வாறு போன தாளைத் திருத்திய நிலையில் மீண்டும் காணும் உரிமை 2011ஆம் ஆண்டு வரையில் நம் நாட்டில் அவனுக்கு உறுதியாகக் கிட்டவில்லை. தான் எழுதியது எப்படி என்று அறியத் தோழனின் நினைவையே அவன் நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளியில் இந்நிலை இல்லை. எண்சுவடியை மனனம் செய்து உரக்க ஒப்பிக்க வேண்டும். பிழைத்தால் உபாத்தியாயரோ சட்டாம்பிள்ளையோ அங்கேயே திருத்திவிடுவர். பிரம்பும் உடனிருக்கும் என்பது வேறு செய்தி. இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் முற்காலத்தில் மாணவர் பலர் முன்னிலையில் லத்தீன் மொழியில் வாதம் புரிந்தே தம் தேர்ச்சியைக் காட்டினர். 18ஆம் நூற்றாண்டில்தான் அங்கே கணிதத்துக்கு எழுத்துப் பரீட்சை சிறிது சிறிதாக வேரூன்றியது. வாய்ச்சொல் போய் எழுத்து வந்ததும், பிழை எங்கே என்பதை அறிந்தவர் தேர்வாளர் ஒருவரே ஆனார்.

அந்த எழுத்து முறை 1854ஆம் ஆண்டின் சார்லஸ் உட் அறிக்கையைத் தொடர்ந்து நம் நாட்டில் நிலைபெற்றது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவ்வாண்டு மார்ச்சில் கல்கத்தாவில் நடந்த முதல் நுழைவுப் பரீட்சையை எழுதியவர் 244 பேர். மறு ஆண்டிலே பி.ஏ. பட்டம் பெற்ற முதல் இருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரும் யதுநாத் போஸும் ஆவர். ஆறு பாடங்களில் ஐந்தில் நன்கு தேறிய அவ்விருவரும் ஆறாவதில் ஏழு மதிப்பெண்ணுக்கு மிகாத குறையால் தவறினர். பல்கலைக்கழகம் அக்குறையைக் கருணை மதிப்பெண்ணால் நிரப்பியது. பங்கிம் சந்திரருக்கே அது வேண்டியிருந்தது என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் சற்று ஆறுதல் அடையக்கூடும். நாம் கருத வேண்டியது வேறு. கொடுத்தாலும் குறைத்தாலும் முடிவு மூடிய அறைக்குள்ளே செய்யப்பட்டது. வெளியே வந்தது பெயர்ப் பட்டியல் ஒன்றுதான். பின்னர் நாளிதழ்களில் பரீட்சை எண்கள் அச்சாகும் வழக்கம் வந்தது. அங்கேயும் எண் இருக்கும் அல்லது இராது, காரணம் இராது.

பிறமாநிலங்களில் வாழும் நம்மில் பலர்க்கு அறிமுகமானது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். 1929இல் ராஜபுதனத்தை முதன்மையாகக் கொண்டு எழுந்த ஒரு வாரியம் 1952இல் இப்பெயர் பெற்றது; அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளையும் கருத்திற்கொண்டு 1962இல் திருத்தி அமைக்கப்பட்டது. ஒரே பரீட்சைக்குப் பல தொகுதி வினாத்தாள்கள் வந்தபின் வாயிலில் நடைபெறும் உரையாடலும் மாறிவிட்டது. விடையைக் கேட்குமுன் “உனக்கு எந்த செட்?” என்று கேட்டாக வேண்டும்.

விடைத்தாளைக் காட்டுக என்ற கோரிக்கை நீதிமன்றம் ஏறியதே இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி. மகாராஷ்டிர மாநில வாரியம் தன் விதிகளால் அதனைத் தடுத்திருந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. ஆனால் 1984இல் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் விதியே செல்லும் என்றது. பரீட்சை முடிவுகளுக்கு ஓர் இறுதி வேண்டும், கல்வி அமைப்புகளின் விவகாரத்தில் நீதிமன்றம் எளிதில் தலையிடலாகாது என்பவை அதன் கருத்துகள். நியாயமற்ற கருத்துகள் என்று நாம் அவற்றைத் தள்ளிவிட இயலாது. இலட்சக்கணக்கான தாள்களைக் கையாளுவோரின் இடர்ப்பாடு மெய்யானதே. ஆயினும் தாளில் ஒரு கூட்டல் பிழை இருந்தால் அதன் சுமையைத் தாங்குபவன் மாணவன் அல்லவா?

2008ஆம் ஆண்டு இதே மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய மாணவர் ஒருவர் தம் மதிப்பெண்களைக் கண்டு மனம் வருந்தி, திருத்திய விடைத்தாள்களைப் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். வாரியம் மறுத்தது. 2009இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. வாரியம் மேல்முறையீடு செய்ய, 2011 ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அத்தீர்ப்பு ஒரு சொல்லைப் பற்றி நின்றமை சுவையாகப் படுகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் தகவல் என்று நாம் தமிழில் வழங்குவதை இந்தியில் சூசனா என்பர். அம்மொழியில் அறிவிப்புக்கும் அதுவே பெயர். மாணவன் தானே எழுதிய தாள் தகவல் ஆகுமா? ஆகும் என்றது நீதிமன்றம். தேர்வாளர் இட்ட மதிப்பெண்ணும் குறிப்பும் அதில் அடங்கும். தேர்வாளரின் நம்பிக்கைப் பொறுப்பில் அத்தாளைக் காத்து வருகிறோம் என்ற வாரியத்தின் வாதம் ஏற்கப்படவில்லை. ஆனால் தேர்வாளரின் பெயரை மறைத்தே காட்ட வேண்டும். மறுமதிப்பீடு செய்க என்று கேட்கும் உரிமையும் இதனால் கிடைத்துவிடவில்லை. தாள் விதிப்படி பாதுகாக்கப்படும் காலத்துக்குள் கேட்டாக வேண்டும். அழித்தபின் கேட்டுப் பயனில்லை.

பின்வந்த ஆண்டுகளில் வாரியமே கட்டணம் பெற்றுக்கொண்டு நகல் தரலாயிற்று. கணக்குத் தாளின் நகலைக் கையில் வாங்கியவர்கள் வாயிலில் அறிய முடியாத ஒன்றை அறிந்தனர். பதினெட்டு என்றவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். முப்பத்தாறு என்றவனும் கடைசி வரியில்தான் சறுக்கியிருப்பான். அதற்கு முந்திய படிகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அரையும் ஒன்றுமாக அவனுக்கும் மதிப்பெண் விழுந்திருக்கும்.