கயிறும் காயரும்

தி. நகரில் மெத்தை வாங்கப் போனால் கடைக்காரர் "காயரா, ஃபோமா சார்?" என்று கேட்பார். காயர் என்றால் தேங்காய் நார். அசல் ஆங்கிலச் சொல் மாதிரித்தான் காதில் விழும். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: காயர், கயர், கயிறு. நம்ம கிணற்றடிக் கயிறுதான் கடல் தாண்டிப் போய் நுனிநாக்கு இங்கிலீஷோடு திரும்பி வந்திருக்கிறது.

அகராதிக்காரர்கள் மூலமாகக் காட்டுவது மலையாளத்துக் 'கயர்'. தமிழ்க் கயிற்றின் கூடப்பிறந்தது. போர்ச்சுகீசியர் அதைக் 'கைரோ' என்று எழுதினார்கள் (எகிப்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). வழியில் பொருள் சுருங்கிவிட்டது. நமக்கு முறுக்கித் திரித்த எதுவும் கயிறு. தாலியில் இருப்பதும் அதுதான். அவர்களுக்குத் தேங்காய் நார் மட்டும். கப்பல்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்: உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது, மிதக்கும், இழுத்தால் நீண்டு கொடுக்கும். அலை வெடுக்கென்று இழுக்கும்போது நங்கூரக் கயிறு அறாமல் இருப்பது இந்த நீளலால்தான்.

கயிறு கப்பலைக் கட்ட மட்டுமல்ல, படகைத் தைக்கவும் உதவியது. 13-ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ் துறைமுகத்தில் இப்படித் தைத்த கப்பல்களைப் பார்த்த மார்க்கோ போலோ முகம் சுளித்தார். இரும்பு ஆணி இல்லை, தேங்காய் நார்த் தையல்தான், இதில் போவது ஆபத்து என்பது அவர் கட்சி.

நானூறு வருஷம் கழித்து மதராஸில் கதையே மாறியது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் வாங்கிய இந்தக் கரையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவே ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து விழும் அலைகள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு தரையில் மோதினால் பிளந்துவிடும். மசூலா படகின் பலகைகளோ கயிற்றால் தைத்தவை. அடி விழுந்தால் வளைந்து கொடுத்து நிமிர்ந்துகொள்ளும். ஆக கவர்னர், துணிமூட்டை, வெள்ளிக்காசுப் பெட்டி எல்லாமே தேங்காய் நாரை நம்பித்தான் கரையேறின. 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. 1881-இல் புயல் வந்து அதை உடைத்துப் போட்டது. கல் உடைந்த கடலில் கயிறு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது!

மசூலாவுக்குத் துணையாகக் கட்டுமரம் போகும். பெயரிலேயே கயிறு இருக்கிறது: சேர்த்துக் கட்டிய மரம். யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவது அந்த ஆட்கள்தான். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகிறவர்கள் தலையில் ஓலைக் குல்லாய் வைத்திருப்பார்கள். உள்ளே கடிதம் நனையாது. டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் இந்தக் கட்டுமரம் வருகிறது. இன்று அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உலகம் இரட்டை உடல் சொகுசுப் படகைக் குறிக்கிறது. அது கட்டவும் இல்லை, மரமும் இல்லை.

1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் காயர், கட்டமரான், மசூலா மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. துடுப்புப் போட்டவர்கள்தான் பாவம். ஐரோப்பியப் பயணக் குறிப்புகளில் அவர்கள் பெரும்பாலும் கத்துகிறவர்கள், கூடுதல் காசு கேட்கிறவர்கள், அவ்வளவுதான். அந்த அலையில் உயிரை வைத்து வேலை செய்கிறவன் கூடுதலாகக் கேட்காமல் என்ன செய்வான்?

சாந்தோம் தாண்டி நொச்சிக்குப்பம் பக்கம் போனால் இப்போது வரிசையாக ஃபைபர் படகுகள். தையல் கிடையாது. கரைக்கு இழுக்கும் கயிறு நைலான். நாம் அதையும் கயிறு என்கிறோம். ஆங்கிலத்தில் அதைக் காயர் என்று சொல்ல முடியாது.