நிலநடுக்கத்துக்கு எழுதிய கணக்கு

இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வடமேற்கு ஓரத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மீனவர் பகுதி ஸ்ஃபெர்ராகவால்லோ. ஈழத்தமிழர் பலர் வாழும் பலெர்மோவை 2002 செப்டம்பர் 6 அதிகாலையில் கடலடி நிலநடுக்கம் ஒன்று உலுக்கி எழுப்பியது. இங்கே நான் தங்கியிருந்த நாட்களில் என் கண்ணில் பட்டவை வீடுகள்தாம்: கீழே பழைய கல்சுவர், மேலே பிற்காலத்தில் ஏற்றிய கான்கிரீட் மாடி. இப்படிப்பட்ட வீட்டின் வலிமையைக் கணக்கிட முடியுமா?

அந்தக் கணக்குக்கு இதே சிசிலித் தீவில்தான் பிள்ளையார் சுழி போடப்பட்டது. 1908 டிசம்பர் 28 அன்று மெஸ்ஸினாவும் எதிர்க்கரையும் இடிந்து, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அரசு அமைத்த பொறியாளர் குழு 1909இல் ஓர் எண்ணைச் சொன்னது: தரைத்தளம் தனக்கு மேலுள்ள எடையில் 12இல் ஒரு பங்கையும், மேல்தளங்கள் 8இல் ஒரு பங்கையும் பக்கவாட்டு விசையாகத் தாங்கவேண்டும். மேலே 120 டன் இருந்தால், பக்கத்திலிருந்து 10 டன் தள்ளினாலும் தரைத்தளம் நிற்கவேண்டும். நிலநடுக்கம் அப்படி ஒரே சீராகத் தள்ளுவதில்லை, ஆட்டுகிறது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆட்டத்தைக் கணக்கிட அன்று கருவி இல்லை. காகிதமும் பென்சிலும் கொண்டு செய்த இந்தச் சமரசம் எளிமையானது. ஆனால் மகத்தானது என்பேன். இன்றைய விதிநூல்களிலும் அதன் வாரிசு வாழ்கிறது.

கணினி வந்தபின் ஆட்டத்தையே கணக்கிடுகிறோம். கட்டிடத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எடையும் விறைப்பும் கொடுத்து, பதிவான நிலநடுக்கம் ஒன்றை நொடியின் நூறில் ஒரு பங்காக அடியில் ஊட்டினால், எங்கே முதல் விரிசல் விழும் என்று தெரியும். புதிய கான்கிரீட்டுக்கு இது நன்றாகவே பலிக்கும். பழைய கல்சுவர்தான் தொல்லை. இரு முகத்திலும் கல், நடுவே ஜல்லியும் மண்ணும். சுண்ணாம்புச் சாந்தின் வலிமையோ யாருக்கும் தெரியாது. ஆகவே சுவரின் சாந்து வரியில் கீறி, தட்டையான ஜாக்கியைச் செருகி அழுத்தம் அளக்கிறார்கள். தெருவில் போகும் வண்டிகளாலும் காற்றாலும் கட்டிடம் கொள்ளும் நுண்ணிய அதிர்வைப் பதிந்து, கணினி சொன்ன அதிர்வோடு ஒப்பிட்டு மாதிரியைத் திருத்துகிறார்கள். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது இங்கே போதாது. சுவருக்குச் சுவர் பதம் வேறு.

இவ்வளவும் இருந்து சட்டம் தூங்கினால்? 2002 அக்டோபர் 31 அன்று மொலிசே மாநிலத்தின் சான் ஜூலியானோ தி பூலியா ஊரில் பள்ளிக்கூடம் இடிந்து 27 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தனர். அந்த ஊரை நிலநடுக்கப் பகுதியில் சேர்க்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் 1998லேயே வரைபடம் தந்திருந்தார்கள், சட்டம் சேர்க்கவில்லை. சட்டப்படி அங்கே எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. 2003 மார்ச்சில்தான் புதிய ஆணை வந்து, இத்தாலியின் எல்லா ஊர்களும் நான்கு மண்டலங்களுக்குள் வந்தன. பலெர்மோ இரண்டாம் மண்டலம். ஆனால் அந்த ஆணையின் கட்டாயம் பெரும்பாலும் புதிதாகக் கட்டுவோருக்கும், பள்ளி, மருத்துவமனை போன்ற முக்கியக் கட்டிடங்களுக்கும்தான். வாடகைக்கு விடப்பட்ட பழைய கல்வீட்டின் சுவரை அளந்து பார்க்கும்படி அது எந்த வீட்டுக்காரரையும் கேட்கவில்லை.