தி ஹே வெய்ன்

ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) 1821இல் தீட்டிய எண்ணெய் வண்ண நிலக்காட்சி. உயரம் 130.2 செ.மீ., அகலம் 185.4 செ.மீ. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது.

சஃபோக் மாவட்டத்தின் ஃப்ளாட்ஃபோர்டில், ஸ்டூர் ஆற்றின் ஆழமில்லாத துறையில் மூன்று குதிரைகள் பூட்டிய வெற்று வண்டி நிற்கிறது. உலர்ந்த புல்லை ஏற்றும் வண்டி இது. அப்பால் புல்வெளியில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். குதிரைகளின் கால்களைக் குளிர்விக்கவும், வெயிலில் சுருங்கிய மரச் சக்கரங்களை ஊறவைக்கவும் வண்டிகளை இப்படித் தண்ணீரில் இறக்குவது வழக்கம். இடப்பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர் வில்லி லாட் என்ற குத்தகை விவசாயி. எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்த அவர் அந்த வீட்டைவிட்டு நான்கு இரவுகள்கூட வெளியே தங்கியதில்லை என்று ஊரில் சொல்வார்கள். பக்கத்திலுள்ள ஆலை ஓவியரின் தந்தை கோல்டிங் கான்ஸ்டபிளுடையது. பிள்ளைப் பருவத்திலிருந்து பார்த்துப் பழகிய லாட்டின் வீட்டைக் கான்ஸ்டபிள் பலமுறை வரைந்திருக்கிறார்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்ததுபோலத் தோன்றினாலும் படம் உருவானது லண்டனில். பழைய குறிப்போவியங்களை வைத்துக்கொண்டு, முதலில் அதே அளவில் ஒரு முன்வரைவைத் தீட்டினார்; அது இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வண்டியின் அமைப்பு நினைவில் தெளிவாக இல்லாததால் ஊரிலிருந்து ஜான் டன்தோர்ன் என்ற இளைஞர் அதை வரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. முன்வரைவில் கரையோரம் குதிரையில் வரும் சிறுவனை இறுதிப் படத்தில் அழித்துவிட்டார். எக்ஸ்ரே படத்தில் அவன் தெரிகிறான். படத்தில் இல்லாத இன்னொன்றும் உண்டு. 1816இலும் 1822இலும் கிழக்கு ஆங்கிலியாவின் கூலி விவசாயிகள் வேலையின்மையாலும் கதிரடிக்கும் இயந்திரங்களாலும் கொதித்தெழுந்தார்கள். படத்தின் அமைதி அன்றைய சஃபோக்கைவிட அவருடைய இளமைக்கே நெருக்கமானது.

1821இல் ராயல் அகாடமி கண்காட்சியில் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்ற பெயரில் வைக்கப்பட்டபோது யாரும் வாங்கவில்லை. அங்கே அதைப் பார்த்து வியந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ. பிறகு வணிகர் ஜான் ஆரோஸ்மித் வாங்கிப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1824ஆம் ஆண்டுச் சலோன் கண்காட்சியில் பத்தாம் சார்லஸ் மன்னர் கான்ஸ்டபிளுக்குத் தங்கப் பதக்கம் அளித்தார். நீலமும் மஞ்சளும் பச்சையும் சிறு தீற்றல்களாக அருகருகே நின்று இலைகளை உயிர்ப்பிக்கும் முறை அங்குள்ள ஓவியர்களை ஈர்த்தது. அவர்களில் ஒருவரான தெலக்ருவா இதைப் பார்த்த பிறகு தன் ‘கியோஸ் படுகொலை’யின் பகுதிகளைத் திருத்தித் தீட்டினார் என்பர். பாரிஸ் இப்படிப் பாராட்டியும், ராயல் அகாடமி கான்ஸ்டபிளை முழு உறுப்பினராக்கியது 1829இல்தான். அதுவும் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்.

இங்கிலாந்துக்குத் திரும்பிய படத்தை 1886இல் கலைச் சேகரிப்பாளர் ஹென்றி வாகன் நேஷனல் கேலரிக்குக் கொடையளித்தார். பிரிட்டனில் உள்ள மிகச் சிறந்த ஓவியம் எது என்று பிபிசி வானொலி 2005இல் நடத்திய வாக்கெடுப்பில் ஆங்கிலேய ஓவியர் டர்னரின் படத்துக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றது. அந்தப் புகழே அதைக் கிண்டலுக்கும் கிளர்ச்சிக்கும் இலக்காக்கியது. 1980இல் கலைஞர் பீட்டர் கென்னார்ட் இந்தப் படத்தின் வண்டியில் அணு ஏவுகணைகளை ஏற்றி ஒட்டுப்படம் செய்தார். 2022 ஜூலையில் காலநிலைப் போராட்டக்காரர்கள், ஆறு தார்ச்சாலையாக மாறிய ஒரு காட்சியை ஓவியத்தின் மேல் ஒட்டி, தங்கள் கைகளைச் சட்டத்தோடு பசையிட்டுக்கொண்டார்கள்.