கர்தினால் தூர்னோனின் ஆணையும் சேந்தமங்கலத்துக் கிறித்தவமும்: 1623 முதல் 1940 வரை

சேலம், நாமக்கல் சமவெளியில் கத்தோலிக்கம் காலூன்றிய வரலாற்றைத் தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியோடு நிறுத்திவிட முடியாது. அவர் வகுத்த நடைமுறைகளைப் பின்னாளில் விசாரித்துத் தடை விதித்தவர், இந்த மண்ணை மிதித்தே இராத ஒரு திருத்தந்தைத் தூதர்: கர்தினால் ஷார்ல்-தோமா மையார் தெ தூர்னோன். அவருடைய தூதுப் பணி இருமுறை தோற்றது. ஆனால், சாதி பற்றி அவர் எழுதிய விதி சரியானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சேந்தமங்கலம், 1623

பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைக் கிறித்தவரான பின்னும் மதச் சடங்காக அன்றிக் குல அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி அனுமதித்தார். அதே ஆண்டில் தெ நொபிலி மதுரையை விட்டுத் திருச்சி வழியாக வடக்கே புறப்பட்டார். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில், மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்போடு வரவேற்றார். அடுத்து சேலத்துக்குச் சென்றார். அங்கே ஆட்சியுரிமையைத் தம்பியிடம் இழந்திருந்த திருமங்கல நாயக்கர் 1625இல் கிறித்தவரானார்.

இந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. தெ நொபிலியைப் போலப் பிராமண சந்நியாசியாக வாழ்ந்த குரு, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக இயலாது. அவர்களுக்காகவே 1640 முதல் ‘பண்டாரசாமி’ குருக்கள் ஏற்படுத்தப்பட்டனர். ஆயினும் சேரிக்குள் நோயாளியின் குடிசைக்கே சென்று அவஸ்தைப் பூசுதல் கொடுக்கத் தயங்கும் வழக்கம் நீடித்தது. நோயாளியை வெளியே தூக்கிவரச் செய்தார்கள்.

புதுச்சேரியில் எட்டு மாதங்கள்

தூர்னோன் 1668இல் தூரின் நகரில் சவோய் நாட்டுப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். திருத்தந்தை 11ஆம் கிளெமெந்து 1701இல் அவரை அந்தியோக்கியாவின் பட்டம்சார் முதுபெரும் தந்தையாக உயர்த்தி, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தம் முழு அதிகாரம் பெற்ற தூதராக அனுப்பினார். 1703 நவம்பர் 6 அன்று பிரெஞ்சுக் கப்பலில் அவர் புதுச்சேரியில் இறங்கினார்.

அங்கே இந்த நடைமுறைகள் குறித்துக் கப்புச்சின் துறவிகளும் இயேசு சபையாரும் மோதிக்கொண்டிருந்தனர். உடல்நலம் குன்றியிருந்த தூர்னோனால் உள்நாட்டுக்குப் பயணம் செய்ய முடியவில்லை. இயேசு சபைக் குருக்களான பூஷே, பெர்தோல்தி ஆகியோர் சொன்ன விவரங்களைக் கொண்டு 1704 ஜூன் 23 தேதியிட்ட, 16 பிரிவுகள் கொண்ட ஆணையை எழுதினார். அது ஜூலை 8 அன்று வெளியானது. மூன்றே நாளில் அவர் கப்பலேறினார். மறுப்பைக் கேட்க அவர் அங்கே இல்லை.

ஆணை கல்யாணப் பந்தல்வரை நுழைந்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. சிலுவையோ, இயேசு அல்லது மரியாளின் உருவமோ இருக்கலாம். மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. பந்தலில் அரசமரக் கிளை கூடாது. கொங்குப் பகுதித் திருமணங்களில் இன்றும் அரசாணிக்கால் நடப்படுவதை அறிந்தவர்களுக்கு, இந்தத் தடை எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் என்பது விளங்கும். திருமுழுக்கில் உமிழ்நீரைத் தவிர்க்கக் கூடாது என்ற விதியோ, எச்சிலைத் தீட்டாகக் கருதிய மக்களுக்கு அருவருப்பூட்டியது.

அதே ஆணையில் வேறு வகை விதிகளும் உண்டு. மாதவிலக்கு நாளில் பெண்களைக் கோயிலிலிருந்து விலக்கக் கூடாது. பறையர் குல நோயாளிகளுக்கு அவர்கள் வீட்டுக்கே சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும்.

பெய்ஜிங்கும் மக்காவும்

சீனாவிலும் அவர் இதே போக்கில் நடந்தார். 1705 டிசம்பரில் பேரரசர் காங்ஷி அவருக்குப் பேட்டியளித்தார். முன்னோர் வழிபாடு பற்றிய பேச்சு முறிந்தது. 1707இல் நான்ஜிங்கில் அவர் விடுத்த தடையாணையால் சினந்த பேரரசர், அவரை மக்காவு நகரில் போர்ச்சுகீசியரிடம் ஒப்படைத்தார். தங்கள் அரசரின் இசைவின்றி வந்த தூதரைப் போர்ச்சுகீசியர் ஏற்கவில்லை, வீட்டுக்காவலில் வைத்தனர். அந்த நிலையிலேயே 1707 ஆகஸ்டு 1 அன்று அவர் கர்தினாலாக நியமிக்கப்பட்டார். கர்தினால் தொப்பி 1710 ஜனவரியில்தான் கைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் 8 அன்று, 41 வயதில் இறந்தார்.

ஆணையின் பின்விளைவு

கோவாவிலும் மயிலாப்பூரிலும் எதிர்ப்பு எழுந்தது. மதுரை மிஷனின் குரு லைனஸ் ரோமுக்கே சென்று வாதாடினார். 1734இல் 12ஆம் கிளெமெந்து ஆணையைச் சற்றுத் தளர்த்தி உறுதிசெய்தார். 1744இல் 14ஆம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு வழங்கினார். ஆனால் சேரி பற்றிய விதியில் அவர் ஒரு சமரசத்தை ஏற்றார்: ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்கள். பாகுபாட்டை ஒழிக்க வந்த விதி, அதற்கு ஒரு தனி ஏற்பாட்டைத் தந்து முடிந்தது.

ஆணை தடைசெய்த சடங்குகளை எதிர்த்து மிஷனரிகள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1930 மே 26 அன்று, சேலம் தனி மறைமாவட்டமாகியிருந்தது.

தாலி, கயிறு, அரசமரக் கிளை பற்றிய தடைகளைக் காலம் தள்ளுபடி செய்துவிட்டது. மக்கள் வாழ்க்கையைப் பாராமல், மறுப்பைக் கேட்காமல் எழுதப்பட்டவை அவை. நோயாளியின் வீட்டுக்குப் போ என்ற விதிக்கு அந்தக் குறை பொருந்தாது. அதைச் சரியென்று அறிய எந்த ஊரையும் சுற்றிப் பார்க்க வேண்டியதில்லை. தெ நொபிலியின் பண்பாட்டு இணக்கத்தைப் பாராட்டும் நாம், அந்த இணக்கம் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சேந்தமங்கலத்தின் கிறித்தவ வரலாறு அப்போதுதான் அங்கிருந்த எல்லோருக்குமான வரலாறாகும்.